சந்தனம் வைத்த வீடியோ கேம்

எங்கள் வீட்டில் ஒரு கதை இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சுண்டல் வருகிற மாதிரி அந்தக் கதையும் வந்துவிடும். என் மகன் ஆரம்பிப்பான், மகள் முடித்துவைப்பாள். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் கதையில் வரும் முட்டாள் நான்.

கதை இதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு ஆயுத பூஜை அன்று அம்மா அந்தப் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். சந்தனம் உள்ளே இறங்கி பெட்டி செத்துப்போனது. அவ்வளவுதான். இதை மகன் தன் கல்யாணத்தின்போது பெண் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறான். மகள் தன் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சம்பந்தி, டிவிக்கும் பொட்டு வெச்சாச்சா?" என்பார்.

எனக்குப் படிப்பு குறைவு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், மெதுவாக. ஆனால் ரோஷத்துக்குக் குறைவில்லை. இத்தனை வருஷம் பொறுத்தது, பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான். இந்த வருஷம் பொறுக்க முடியவில்லை. நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓடு, ஒரே குழாய், நடுவில் சுவர் வைத்து ஆறு குடும்பம். என் வீட்டுக்காரர் கம்பி உருட்டும் மில்லில் வேலை செய்தார். நான் டானிக் கம்பெனியில் இருந்தேன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் ஓடும். தூசு, விரிசல், கறுப்புப் புள்ளி இருக்கிற பாட்டிலை எடுத்துப் போட வேண்டும். கைக்கு எதிரே வருகிற பாட்டிலைப் பார்த்தால் அது போயே போய்விடும். மூன்று பாட்டில் தள்ளி வருவதைப் பார்க்க வேண்டும். கை தன்னால் வேலை செய்யும்.

அந்த வீடியோ கேம் பெட்டியை வீட்டுக்காரர்தான் பாரிமுனையிலிருந்து வாங்கிவந்தார். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகப் போட்டிருந்ததாம், மகன் படித்துச் சொன்னான். உள்ளே பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான், அதுவே சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாவற்றையும் விட அந்த டாங்கி ஆட்டம்தான் பிள்ளைகளுக்கு உயிர். கீழே நடுவில் செங்கல் கட்டி, அதற்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் வரும். பறவையைச் சுடுவதற்குள் நம்முடைய டாங்கி அவற்றைச் சுட வேண்டும். அது என்ன பறவையோ, நாங்கள் கோழி என்போம்.

நான் எப்போது ஆட ஆரம்பித்தேன் என்றால், காலை ஷிப்டு முடிந்து வந்த ஒரு நாள். பிள்ளைகள் காலையில் ஆடியதை அணைக்காமல் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். டிவி மட்டும் அணைந்திருந்தது, போட்டால் ஆட்டம் அப்படியே நிற்கிறது. பெட்டியை எடுத்து வைக்கலாம் என்று கைப்பிடியைத் தூக்கினேன். ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, நின்றிருந்த ஆட்டம் ஓட ஆரம்பித்தது. கட்டைவிரல் பட்டதும் டாங்கி நகர்ந்தது. இன்னொரு பொத்தான் பட்டது, சுட்டது. சுட்டது என் கோழியைத்தான். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கே வியப்பு. சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் தங்கள் டாங்கியைப் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள், அதனால் சீக்கிரம் தோற்பார்கள். நான் என் டாங்கியைப் பார்க்க மாட்டேன். எதிரி எந்த மூலையில் முளைக்கிறான் என்று மேலேயே பார்ப்பேன். பெல்ட்டில் பழகிய கண். மில், கம்பெனி, வீடு, குழாய் என்று எங்கேயும் நான் சொன்னபடி எதுவும் நடந்ததில்லை. அந்த டாங்கி மட்டும் திரும்பு என்றால் திரும்பியது.

பிள்ளைகள் நாலரை மணிக்கு வருவார்கள். அதற்குள் அணைத்து, துணி போர்த்தி, பழையபடி வைத்துவிடுவேன். அம்மாவும் ஆடுகிறாள் என்று தெரிந்தால், அப்புறம் "படிடா" என்று எந்த வாயால் சொல்வது?

தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். நடுச்சுவர் வழியாகச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள்.

"இன்னாக்கா, பசங்க ஸ்கூலுக்குப் போலியா? டுமீல் டுமீல்னு கேக்குது."

"பசங்க போயிட்டாங்க. உள்ள வந்து கதவ சாத்து."

அப்புறம் அவளும் தினம் வர ஆரம்பித்தாள். இரண்டாவது கைப்பிடியை அவளுக்குக் கொடுத்தேன். அவள் ஆட்டம் எப்படி என்றால், எதிரியை விட்டுவிட்டு, கோழியைச் சுற்றியிருக்கும் செங்கல்லை அவளே உடைத்துவிடுவாள். "ஏம்மே, அது நம்ம சுவரு!" என்று நான் கத்துவேன். "கோழிக்குக் காத்து வரட்டும்க்கா" என்பாள்.

ஒருமுறை கம்பெனியில் பாய்லர் பழுதாகி லீவு விட்டார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்தேன். ஸ்டேஜ் என்பார்களே, அப்படி ஒவ்வொரு படமாகத் தாண்டித் தாண்டிப் போய், கடைசிப் படத்தையும் முடித்தேன். முடித்தால் ஏதோ வரும், பூ கொட்டும், கொடி ஏறும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் படமே திரும்ப வந்தது. ஆனாலும் முடித்தேன். என் பிள்ளைகள் பாதிப் படங்களைக்கூடத் தாண்டியதில்லை.

இப்போது அந்தச் சந்தனத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை எங்கள் பக்கம் விளையாட்டு இல்லை. கம்பெனியில் பெல்ட்டுக்கு மாலை போட்டு, மோட்டாருக்குப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். வீட்டில் அரிவாள்மணை, சைக்கிள், வீட்டுக்காரரின் ஸ்பேனர், பிள்ளைகள் புத்தகம். கை எதில் பழகியிருக்கிறதோ அதற்குத்தான் பொட்டு. என் கை அந்தப் பெட்டியில் பழகியிருந்தது. அதனால் வைத்தேன். அதுவும் கெட்டியாகக் குழைத்து, மூடிமேல் ஒரே பொட்டு. மறுநாள் பெட்டி நன்றாகத்தான் ஓடியது. கெட்டது தீபாவளி கழிந்து. ரிப்பேர்காரர் திறந்து பார்த்து உள்ளே எல்லாம் துரு என்றார். சந்தனம் பட்டுத் துருப்பிடிக்குமா? படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி, வாயில் வைத்து, ஃபூ ஃபூ என்று ஊதியது யார்? அண்ணனும் தங்கச்சியும் ஊதிய எச்சில் அத்தனையும் உள்ளே. கேட்டால் மறுப்பார்கள். "ஊருல எல்லாரும்தான் ஊதுனாங்க, எல்லாரு பெட்டியுமா கெட்டுச்சி?" என்பார்கள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, திருவள்ளூரில் என் மகன் வீட்டில் எல்லாரும் கூடினோம். நான் மகனோடுதான் இருக்கிறேன். மீஞ்சூரிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மகன் போனில் பார்த்து ஒரு பெட்டி வரவழைத்திருந்தான். உள்ளங்கை அகலம்தான். டிவியில் சொருகினால் அந்தக் காலத்து ஆட்டம் அத்தனையும் வருமாம். கைப்பிடிகளுக்கு ஒயர்கூட இல்லை.

அதைப் பிரித்ததும் மகன் தன் மனைவியிடம் சொன்னான்: "அம்மா கண்ணுல காட்டாத. சந்தனம் அப்பிடுவாங்க."

"தண்ணி சொம்பையும் எடுத்து வெச்சிடுங்க அண்ணி," என்றாள் மகள். "தீர்த்தம் தெளிச்சாலும் தெளிப்பாங்க."

மருமகன் மரியாதைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வழக்கமாக நானும் சிரித்துவைப்பேன். அன்று என்னவோ முடியவில்லை.

"டேய், அந்த டாங்கி ஆட்டத்த கடைசி வரிக்கும் ஆடி முடிச்சவ நான்."

வீடே சிரித்தது.

"எம்மா, நீயா? ரிமோட்ல சவுண்டு கொறைக்கவே என்னைக் கூப்புடுவியே."

"அது வேற, இது வேற நைனா. நீங்க ஸ்கூல்ல இருக்கசொல்ல ஆடுனேன். தெனம் ஆடுனேன்."

"சரி, கடைசி ஸ்டேஜ் முடிஞ்சா இன்னா வரும்? சொல்லு பாப்போம்."

"ஒண்ணும் வராது. திரும்பியும் மொதல் படமே வரும்."

அவன் போனை எடுத்துத் தேடினான். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "ஆமா, அப்பிடித்தான் போட்டுக்கீது," என்றான்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உடனே மகள் அண்ணன் பக்கம் திரும்பிக் கெடுத்தாள். "நீதான் எப்பயாச்சும் சொல்லியிருப்ப."

"எனக்கே இப்பதாண்டி தெரியும்."

"அப்போ டிவில எதுலயாவது வந்திருக்கும். எம்மா, எல்லாம் சரி, நீ ஆடுனத யாரு பாத்தா?"

அன்றைக்கே ஆடிக் காட்டியிருப்பேன். ஆனால் மருமகள் அதற்குள் பெட்டியைக் கொண்டுபோய், கார் சாவி, லேப்டாப், மிக்சியோடு பூஜையில் வைத்து, அட்டைமேல் குங்குமம் வைத்துவிட்டாள். "பூஜையில வெச்சத நாளைக்குத்தான் அத்தை எடுக்கணும்," என்றாள். எனக்குத் தெரியாத சாஸ்திரமா? நான் வைத்தால் சந்தனக் கதை. அவள் வைத்தால் பூஜை.

யார் பார்த்தது என்று கேட்டார்களே. பார்த்தவள், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, இப்போது ஊத்துக்கோட்டையில் தன் மகள் வீட்டில் இருக்கிறாள். போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் வைத்தான் மகன்.

"இன்னாக்கா, நல்லாகீறியா? பூஜை ஆச்சா?"

"ஆச்சி. இந்தா, ஒரு விஷயம். பசங்க நம்ப மாட்டேங்குதுங்க. அந்த டாங்கி ஆட்டம், கோழி ஆட்டம், ஞாபகம் கீதா? அத கடைசி வரிக்கும் ஆடுனது யாரு? உன் வாயால சொல்லு."

"யாரு ஆடுவாங்க? நான்தான்."

மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மகளுக்குப் புரை ஏறியது.

"ஏம்மே! வாய் கூசாம சொல்றியே! நீ பக்கத்துல குந்திக்கினு காராமணி உரிச்சிக்கினு இருந்த."

"யக்கா, நீதான் துணி மடிச்சிக்கினு இருந்த. நடுவுல அடுப்புல பால் பொங்குதுன்னு எழுந்து போயிட்ட. நான் ஒண்டியா அந்தக் கோழியக் காப்பாத்துனேன். திரும்பியும் மொதல் படமே வந்துச்சி. இன்னாடா இது பேஜாருன்னு நான்தான் சொன்னேன்."

பால் பொங்கியது உண்மை. நான் எழுந்து ஓடியதும் உண்மை. ஆனால் அது வேறு நாள். வேறு நாள்தான். இதை எப்படி நிரூபிப்பது?

அப்போதுதான் மகன் ஒரு கேள்வி கேட்டான். "நம்மூட்ல இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. ரெண்டு டாங்கும் ஒரே சாம்பல் கலரு. யாருது எதுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கோழிக்கு எடது பக்கம் நிக்கறது என்னுது," என்றேன்.

"எடது பக்கம் என்னுது," என்றது போன்.

"சண்டை ஸ்டேட் லெவலுக்குப் போகுது," என்றார் மருமகன். அவருக்கும் மரியாதை போய்விட்டது.

"நீ ஒண்ணும் பேசாதக்கா," என்றாள் அவள். "நாளைக்குக் காலைல பஸ் ஏறி வரேன். வெச்சிப் பாத்துடலாம்."

அன்று முழுக்க நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் கைப்பிடி, என் டிவி, என் வீடு. கதவைச் சாத்திக்கொண்டு வா என்று இடம் கொடுத்தேன். வேறொருத்தி வந்து தான் ஆடியதாகச் சொன்னால்கூட நான் சிரித்துவிடுவேன். செங்கல்லை உடைத்தவள் சொல்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் நாஷ்டா முடிவதற்குள் அவள் வந்துவிட்டாள், ஒரு பை கொய்யாப்பழத்தோடு. முட்டி வலி என்று தரையில் உட்காராமல் சோபாவில் சாய்ந்தாள். மகன் பெட்டியை மாட்டினான். படம் வந்தது. கலரில் பார்த்ததும் எனக்குக் கண் கூசியது. ஒரு டாங்கி மஞ்சள், இன்னொன்று பச்சை. அந்தச் செங்கல் செங்கல் நிறத்திலேயே இருந்தது.

முதல் கைப்பிடி யாருக்கோ அவர்களுக்குத்தான் இடது பக்கம். அவள் கை நீட்டுவதற்குள் மருமகள் அதை என்னிடம் கொடுத்தாள். மருமகள் மேல் எனக்கிருந்த பாதிக் கோபம் அதோடு போனது.

விரல் பழைய விரல் இல்லை. கட்டைவிரல் மூட்டில் வீக்கம். பொத்தானோ பருப்பு அளவு, அமுக்கினால் அமுங்கியதே தெரியவில்லை. ஆனால் கண் மேலேதான் போனது, அதாகவே போனது. முளைத்தவனைச் சுட்டேன். அடுத்த மூலை, அவனையும் சுட்டேன். "எம்மா!" என்றான் மகன். அந்த ஒரு "எம்மா"வுக்காகத்தான் இத்தனையும்.

அந்த நேரத்தில் பச்சை டாங்கி என்னைச் சுட்டது. நம் ஆள் சுட்டால் நாம் சாக மாட்டோம். ஆனால் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்போம்.

"ஏம்மே, என்னை ஏன் சுடற?"

"நீ குறுக்க வந்தா நான் இன்னா பண்றது?"

நான் நின்றேன். அவள் திரும்பினாள், சுட்டாள், செங்கல் உடைந்தது. இன்னொரு தடவை சுட்டாள். கோழி போனது.

"பாத்தீங்களாடா? பாத்தீங்களா? இவதான் சுட்டா!"

"எதிரி சுட்டான்க்கா. உன் கண்ணுல புரை."

மகன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சரி, சாட்சி இருக்கிறது, போட்டுப் பார் என்றேன். போட்டுப் பார்த்தால் அவன் பிடித்தது டிவியை இல்லை, எங்கள் இரண்டு பேர் மூஞ்சியை. மகள் அதை வாங்கிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்குது! ரெண்டு பேரும் எங்களுக்குத் தெரியாம சேந்து ஆடியிருக்கீங்க," என்று எங்கள் இருவர் கன்னத்தையும் கிள்ளினாள். "அப்போ சந்தனமும் ரெண்டு பேரும் சேந்துதான் வெச்சீங்களா?"

நான் என்ன கேட்டேன், இவர்கள் என்ன கொடுக்கிறார்கள்? நான் ஆடினேன், நான் முடித்தேன், நான் கெடுக்கவில்லை. இந்த மூன்றைத்தான் கேட்டேன். கிடைத்தது கன்னத்தில் ஒரு கிள்ளு. அந்த வீடியோ அதற்குள் சம்பந்தியம்மாவுக்கும் போய்விட்டது.

"ஒருத்தர் ஆடற ஆட்டத்தப் போடு," என்றேன் மகனிடம். போட்டுக் கொடுத்தான். அவள் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுக் கொய்யாப்பழத்தைக் கடித்தாள்.

முதல் படம் முடிந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டாவது முடிந்தபோது மருமகன் மட்டும் தட்டினார். மூன்றாவதில் மகளுக்குப் போன் வந்தது. அப்புறம் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க முடியாத ஆட்டம் அது. விரல் சூடேறி, வீக்கம் மறந்து, டாங்கி என் சொல்லைக் கேட்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர் வரும் படம் தாண்டியது. புதர் வரும் படம் தாண்டியது. பிள்ளைகள் எப்போதும் செத்துப்போகிற படம் ஒன்று உண்டு, நடுவில் வெறும் இரும்புச் சுவராக இருக்கும். அதில் நுழைந்து பாதிக்கு மேல் வந்துவிட்டேன். இன்னும் இரண்டே எதிரி.

"டேய்! வந்து பாருடா!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து அவன் குரல் வந்தது. "பாஸ் பண்ணுமா, ஆட்டத்த நிறுத்தி வெய்யி, வரேன்."

"எதுடா அது?"

"நடுவுல இருக்குற பொத்தான்மா."

நடுவில் இரண்டு பொத்தான் இருந்தது. எது என்று குனிந்து பார்த்தேன். வேலையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கண்ணை எடுக்காதே என்று. எடுத்துவிட்டேன். நிமிர்ந்தபோது கோழி இருந்த இடத்தில் புகை.

மகன் கை துடைத்துக்கொண்டே வந்தான். "இன்னாமா, எங்க காட்டு."

"முடிஞ்சிடுச்சி."

"எந்த ஸ்டேஜ் வரிக்கும் போன?"

"அந்த இரும்புச் சுவரு."

"அதுவா? அதத் தாண்டி நானே போனதில்லியேமா," என்று சிரித்தான். நம்பின சிரிப்பா, நம்பாத சிரிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சோபாவிலிருந்து அவள் சொன்னாள்: "நான் பாத்தேன்டா. இரும்புச் சுவருதான். உங்கம்மா பாதிக்கு மேல வந்துட்டா."

"நீ சொன்னா நம்பறோம் அத்தை," என்று அவன் அவளிடம் இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

அவள் கண் சிவந்திருந்தது. மடியில் பாதி கடித்த கொய்யாப்பழம். விழித்துக்கொண்டுதான் இருந்தாளா, இல்லை தூங்கி எழுந்து எனக்காகச் சொல்கிறாளா? அதைக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அடுத்த சண்டை வரும், அவள் ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. கைப்பிடியை மகனிடம் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சுண்டல் கட்டிக்கொடுக்க எழுந்தேன்.